மூன்று மணிக்கு ஐம்பத்து நான்கு

நாற்பத்தேழு வயதில் திரும்பவும் படிக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என்ன படிப்பு என்று கேட்டேன். மரபு வள மேலாண்மை, இரண்டு வருட டிப்ளமோ என்றாள்.

"மரபு, வளம், மேலாண்மை. இதுல ஒண்ணாவது நம்ம வீட்டுல இருக்கா?" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா, "ஏன், மரபு நான் இருக்கேனே" என்றார். அக்கா சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை. பதினெட்டு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஃபைல் அறையில் வேலை பார்த்தவள். எந்த நோயாளியின் ஃபைல் எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியதும், ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தான் அதற்கு முன்பே வேறொரு வீட்டுக்குக் குடிபோயிருந்தார், அதுவும் தனியாக இல்லை. ஆக, ஒரே வருடத்தில் அக்காவுக்கு மிஞ்சியது கடிகாரமும் நாங்களும். கீழே என் பியூட்டி பார்லர், மேலே இரண்டு அறை வீடு. அதில் அவள், நான், அப்பா.

அந்தச் சமயத்தில்தான் ஊர் அருங்காட்சியகத்தில் பதிவேட்டு உதவியாளர் வேலை இரண்டு வருடத்தில் காலியாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இந்த டிப்ளமோ வேண்டும். ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். படிப்பை முடிக்கும்போது நாற்பத்தொன்பதரை. இழுத்துப் பிடித்தால் உள்ளே நுழைந்துவிடலாம்.

படிப்பு ஒரு வழியாக ஓடியது. கடைசியில் வந்ததுதான் களப்பயிற்சி. அதே அருங்காட்சியகத்தின் சேமிப்புக் கிடங்கில் முந்நூறு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஐம்பது நாள். மணி நேரம் குறைந்தால் சான்றிதழ் கிடையாது. அடுத்த பயிற்சி அடுத்த வருடம்தான், அதற்குள் ஐம்பது தாண்டிவிடும். இதை அக்கா எங்களிடம் ஒரு தடவைதான் சொன்னாள். அப்பா தினமும் சொன்னார்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. பதினொரு மணிக்குக் கொண்டு போய்ப் படுக்க வைத்தால் மூன்றேகாலுக்குக் கூட்டி வர வேண்டும். அதுவரை மூன்று நாளும் அக்காதான் போய்க்கொண்டிருந்தாள். பயிற்சிக்காகச் செவ்வாயும் வியாழனும் என் தலையில் விழுந்தன. நான் முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன். பார்லரைப் பாதி நாள் பூட்டினால் வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எதிர்க்கடைக்காரி வாயெல்லாம் பல்லாக வரவேற்பாள்.

காலை ஐந்து மணிக்கு அக்கா எழுந்துவிடுவாள். சமைத்து, அப்பாவுக்கு அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து வைத்து, மருந்தைப் பிரித்து வைத்து, இரண்டு பஸ் மாறிப் பத்து மணிக்குக் கிடங்கில் நிற்பாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்து பாத்திரம் துலக்குவாள். "வெச்சுடு, நான் பாத்துக்கறேன்" என்று நானும் தினம் சொல்வேன். சொல்லிவிட்டு ஒரு தலைக்கு மருதாணி போடப் போய்விடுவேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிடங்கில் அவள் பார்த்த வேலை எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. எண்பது தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் இந்த ஊரின் தெருக்களையும், வீடுகளையும், சாக்கடைகளையும் அளந்து துணியில் வரைந்து வைத்திருக்கிறார்கள். மெல்லிய துணி. கஞ்சி போட்டு, கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் மையால் கோடு. தலைமுடியை விட மெல்லிய கோடு என்றாள். அதைச் சுருளிலிருந்து பிரிக்க வேண்டும், கனம் வைத்து இரண்டு நாள் படிய வைக்க வேண்டும், எங்கே கிழிசல், எங்கே பூச்சி அரித்தது என்று எழுத வேண்டும், பருத்தி நாடாவில் எண் கட்ட வேண்டும், மேலே தாள் மூடித் தட்டையான இழுப்பறையில் வைக்க வேண்டும். மென்மையான பென்சில் மட்டும்தான். பேனா பக்கத்திலேயே வரக் கூடாது.

"தண்ணி பட்டா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கஞ்சி கரைஞ்சு போயிடும். கஞ்சியோட கோடும் போயிடும்."

"போனா போகட்டுமே. சாக்கடைப் படம்தானே?"

அக்கா என்னை முறைத்தாள். "போன வாரம் ஒரு பொம்பள வந்து அழுதுட்டுப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் சுவத்த தன்னுதுன்னு சொல்றானாம். நான்தான் தேடி எடுத்துக் காட்டினேன். சுவர் அந்தப் பொம்பளையோடதுதான். அந்தத் துணி ஒண்ணுதான் சாட்சி."

அங்கே பொறுப்பாளராக இருந்த அம்மாவுக்கு அக்கா வைத்த பேர் கையுறை மேடம். "கையுறை?" என்பதுதான் அவர் காலையில் சொல்லும் வணக்கம். கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு சொல் கூடுதலாகப் பேசினால் பல் கொட்டிவிடும் என்று நினைப்பவர். இன்னொருவர் வாசலில் உட்காரும் காவலாளி. அறைச் சாவிகள் அவரிடம்தான் இருக்கும். யார் எந்தச் சாவியை எத்தனை மணிக்கு வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவார். அக்கா அவரை அண்ணே என்று கூப்பிடுவாள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

பயிற்சி மாணவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு அறையிலும் காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மொத்தம் நான்கு அறை. மூன்று கீழே. நான்காவது பின்பக்க மாடியில், நாற்பத்தாறு படி ஏற வேண்டும். எப்போது பார்த்தாலும் ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று. வாரக்கணக்காக அதே எண்ணைப் பார்க்க நாற்பத்தாறு படி ஏறி இறங்குவாள். "அது மாறவே மாறாதா?" என்று அப்பா கேட்டார். "மாறக் கூடாதுன்னுதான் பாக்கறோம்" என்றாள்.

முப்பது நாள் தாண்டியதும் அவள் முகம் சுண்டிப் போனது. பஸ்ஸில் தூங்கி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தாள். சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகும். அப்பா, "ஏய், உன் அக்காவை யாராவது பிரிச்சுக் கனம் வெச்சுப் படிய வைங்கப்பா" என்பார். நாங்கள் சிரிப்போம். அவளும் கொஞ்சம் சிரிப்பாள்.

நாற்பதாவது நாள் ஒரு வியாழக்கிழமை. அப்பாவைக் கொண்டு போய் விட்டது நான்தான். திரும்பப் போய்க் கூட்டி வரவும் நான்தான். நடுவில் பார்லருக்கு வந்தேன். பழைய வாடிக்கையாளர் ஒருத்தி அவசரம் என்று நின்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலை முழுக்கச் சாயத்தைப் பூசி உட்கார வைத்த பிறகுதான் மணியைப் பார்த்தேன். இரண்டரை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ஒரே ஒரு தடவை. நீ போய் அப்பாவைக் கூட்டிக்கோயேன். இங்க தலையில சாயம் ஊறிக்கிட்டு இருக்கு, விட்டுட்டு வந்தா முடியெல்லாம் கொட்டிடும், என்னை உரிச்சுடுவா."

"சரி" என்றாள்.

அன்றைக்குக் கையுறை மேடம் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். பின் கேட்டைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். அக்கா அந்த வழியாகவே போய்விட்டாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் வெள்ளி அரசு விடுமுறை, அதை ஒட்டிச் சனி, ஞாயிறு. கிடங்கை யாரும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான்காம் அறையைத் திறந்தபோது கருவி எண்பத்தொன்பது காட்டியது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் சுவருக்குள் விரிசல் விட்டு, கூரை வழியாக நேராக ஓர் இழுப்பறைப் பெட்டியின் மேல் சொட்டியிருக்கிறது. உள்ளே முப்பத்தொரு துணிப்படம். பதினான்கைக் காப்பாற்றிவிட்டார்கள். பதினேழு ஒன்றோடொன்று ஒட்டிப் பசைக் கட்டியாகிவிட்டன. பிரித்தால் வெறும் துணிதான் வந்தது. ஆறு தெரு, நூற்றுக்கும் மேற்பட்ட வீடு. குழாய் பார்க்க வந்தவர், வியாழக்கிழமை மதியத்துக்கு முன்பே சொட்ட ஆரம்பித்திருக்க வேண்டும் என்றார்.

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். வியாழன், பத்து மணி: ஐம்பத்து மூன்று. மூன்று மணி: ஐம்பத்து நான்கு. அக்காவின் கையெழுத்து. காவலாளியின் சாவி நோட்டைக் கேட்டார். வியாழன் பத்து மணிக்குச் சாவி வாங்கியதாக இருந்தது. மூன்று மணிக்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் யாருக்கும் தோன்ற வேண்டியது தோன்றவில்லை. நாற்பது நாளில் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதாதவள் அக்கா. ஆகவே மேடம் காவலாளியைப் பார்த்து, "சாவியைக் குடுத்துட்டு எழுதாம விட்டிருக்கீங்க" என்றார். அந்த மனிதர் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "மறந்திருப்பேன் மேடம்" என்றார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று மணிக்கு மாடிக்குப் போகவே இல்லை என்றும், பார்க்காமலே ஐம்பத்து நான்கு எழுதிவிட்டேன் என்றும் சொன்னாள். என் போனால் வந்த வினை. அதனால்தானோ என்னவோ, அவள்மேல் பாய்ந்தேன்.

"இப்ப என்ன, போய் ஒப்புவிக்கப் போறியா? இன்னும் ஒன்பது நாள். வாயை மூடிக்கிட்டு இரு. அந்த ஆளுக்கு என்ன, ஒரு திட்டு. வாங்கிட்டுப் போகட்டும். உனக்கு ரெண்டு வருஷம்."

"மறந்திருப்பேன்னு சொல்றாருடி. அவர் மறக்கலை."

"அவரே மறந்தேங்கறாரு, உனக்கென்ன?"

நான் சொன்னது தப்பு. அப்போதே தெரியும். ஆனால் அந்த ஒன்பது நாளும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

திட்டோடு போகவில்லை. காவலாளிக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். ஞாபகசக்தியைச் சோதிக்க டாக்டரிடம் போய்க் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கடிதம் சரியாக இல்லையென்றால் முன்கூட்டியே அனுப்பிவிடுவார்களாம். மனிதர் அதை விட மோசமான ஒன்றைச் செய்தார். தனக்கு மறதி என்று நம்பிவிட்டார். சாவியைக் கொடுத்ததும் எழுதுவார், எழுதியதைப் படித்துப் பார்ப்பார், போன ஆளைக் கூப்பிட்டு, "இப்ப உங்களுக்குத்தானே குடுத்தேன்?" என்று கேட்பார். வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் அக்காவிடம், "வீட்ல அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பிப் போனேன்மா. அணைச்சுத்தான் இருந்துச்சு. என் பொண்டாட்டி என்னை ஒரு மாதிரி பாக்கறா" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அப்பா, "என்னடா இது, எனக்குத்தான் பத்தியம், உங்களுக்கென்ன?" என்றார்.

ஐம்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. கணக்குத்தாளில் முந்நூறு மணி நேரம் நிரம்பிவிட்டது. மேடத்தின் கையெழுத்து மட்டும் பாக்கி. அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போகாமல் நேராக வாசலுக்குப் போயிருக்கிறாள்.

"அண்ணே, நீங்க எதையும் மறக்கல. அன்னைக்கு மூணு மணிக்கு நான் சாவி வாங்கவே இல்ல. மேல போகவே இல்ல. பொய்யா எழுதிட்டேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாளாம். அவர் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். "பதினோரு நாளும்மா" என்றார்.

பிறகு மேடத்திடம் போனாள். மேடம் முழுவதையும் கேட்டார். கணக்குத்தாளை வாங்கி, அந்த வியாழக்கிழமையின் வரிசையில் ஆறை அடித்து நான்கு என்று எழுதினார். கடைசியில் இருந்த முந்நூறை அடித்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினார்.

"தாள் குடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமைதானே? பத்து மணிக்கு வாங்க. ரெண்டு மணி நேரம் வேலை தர்றேன்" என்றார். பிறகு, "மணி நேரத்துக்குத்தான் என் கையெழுத்து. அந்தப் பதிவேட்டு உதவியாளர் வேலைக்கு உங்க பேரை நான் அனுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

திங்கட்கிழமை பார்லரைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. சண்டை போடத்தான் போனேன், பொய் சொல்வானேன். பஸ்ஸில் உட்கார்ந்து மனதுக்குள்ளேயே மேடத்தை நாலு வாங்கு வாங்கினேன்.

கிடங்கு நான் நினைத்ததை விடச் சின்னது. நீள மேசை, மேலே தாள் விரித்திருந்தார்கள். மேடம் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து வைத்தார். அழிந்துபோன பொருட்களுக்கான பதிவேடு. அந்தப் பதினேழு படங்களையும் அக்கா அதில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எண், எந்தத் தெரு, நீள அகலம், அழிந்த தேதி, காரணம். அழியக் கூடாத பதிவு என்பதால் இதற்கு மட்டும் பேனா. காரணம் என்ற கட்டத்தில், குழாய்க் கசிவு என்றும், மூன்று மணிக்கு ஈரம் பார்க்கப்படவில்லை என்றும், பார்க்க வேண்டியவர் பெயரும் எழுத வேண்டும். பதினேழு தடவை.

அக்கா பேனாவைத் திறந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். இதுல என் பேரையும் எழுதச் சொல்லுங்க. எங்க அப்பாவுக்கு டயாலிசிஸ். அன்னைக்கு நான் போக வேண்டியது. கடையை விட மனசு வராம இவளைப் போன் பண்ணி வரச் சொன்னது நான்தான். இவ மேல தப்பே இல்ல."

மேடம் அக்காவைப் பார்த்தார். "இதை நீங்க எங்கிட்ட சொல்லலையே."

"அது காரணம் இல்ல மேடம்" என்றாள் அக்கா.

"என்னக்கா காரணம் இல்ல? நான்தானே..."

"நீ போன் பண்ணினது ரெண்டரைக்கு. நான் ஒண்ணே முக்காலுக்கே எழுதிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. அவர் கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார். அக்கா தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தாள். அவள் கையெழுத்து முதல் வரியில் எப்படி இருந்ததோ அப்படியேதான் பதினேழாவது வரியிலும் இருந்தது. தப்பில்லை, அடித்தல் இல்லை. பன்னிரண்டு மணிக்கு மேடம் வந்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கணக்குத்தாளில் முந்நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் என் வாய் அவிழ்ந்துகொண்டது.

"ரெண்டு வாரமா நான் செத்துப் பொழைச்சிருக்கேன், தெரியுமா? என் ஒரு போனால உன் வாழ்க்கையே போச்சேன்னு. நீ பாட்டுக்குக் கல்லு மாதிரி இருந்திருக்க. முன்னாடியே எழுதிட்டேன்னு அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எதுக்குக்கா அப்படி எழுதின? போனும் வரல, அவசரமும் இல்ல."

பஸ் நிறுத்தத்தின் பலகையில் அக்கா உட்கார்ந்தாள். கையில் அந்தத் தாள் இருந்தது. மடிக்கக்கூட இல்லை.

"சாப்பிட்டு எழுந்து போய்ப் படிக்கட்டுகிட்ட நின்னேன். இன்னும் ஒரு மணி நேரத்துல இதுல ஏறணுமேன்னு நினைச்சேன். அழுகை வந்துடுச்சு. படிக்கட்டைப் பாத்து யாராவது அழுவாங்களா? எனக்கு வந்துச்சு. திரும்பி வந்து உக்காந்து எழுதிட்டேன். எழுதினதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

"இவ்வளவு முடியலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"யார்கிட்டடி?" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இரவில் என் பாயும் அவள் பாயும் பக்கத்தில் பக்கத்தில்தான் விரிக்கிறோம்.